பெயர் வைக்காத பொத்தான்

அத்தியாயம் பதினொன்று

அன்று காலை பேணாட்டின் சாப்பாட்டுப் பார்சலைச் சுற்ற வீட்டில் கடதாசி இருக்கவில்லை. பழைய பத்திரிகைகள் எல்லாம் முடிந்திருந்தன. மேசையில் கிடந்த அன்றைய பத்திரிகையின் மேல் இன்பமலர் கைவைத்தாள்.

“அதைத் தொடாதை பிள்ளை. எனக்கு வேணும்” என்றான் பேணாட்.

எதற்கு வேண்டும் என்று தங்கைக்குத் தெரியும். துறைமுகத்தில் பத்து மணித் தேநீருக்கு எல்லோரும் உட்காரும்போது பேணாட் பத்திரிகையை விரித்துப் பிடிப்பான். படங்களைப் பார்த்து எது மேல்பக்கம் என்று கண்டுகொள்வான். போதிய நேரம் பிடித்திருந்துவிட்டு, “ஒண்டும் புதிசா இல்லை” என்று சொல்லி மடித்து வைப்பான். பன்னிரண்டு வருடமாக அவனோடு சீமெந்து மூட்டை இறக்குகிற ஒருவருக்கும் அவனுக்கு எழுத வாசிக்கத் தெரியாது என்பது தெரியாது. ஏழு வயதில் தகப்பன் அவனை நிலாவெளிக்குக் கரைவலை இழுக்கக் கூட்டிக்கொண்டு போனார். அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. இலக்கங்களைத் தானாகப் பழகினான். கையெழுத்து மட்டும் போடுவான். அதை அவன் எழுதுவதில்லை, வரைவான்.

வருகிற திங்கட்கிழமை களஞ்சியப் பொறுப்பாளர் பாக்கியரத்தினம் புதிய கங்காணியின் பெயரைச் சொல்ல இருந்தார். பேணாட்டின் பெயர்தான் என்று வேலைத்தலத்தில் கதை. அதனால் இந்தக் கிழமை பத்திரிகை ஒருநாளும் தவறவில்லை.

இன்பமலர் தன் பையைத் துழாவி, கணனி வகுப்பில் பிழையாக அச்சான ஆங்கிலத் தாள் ஒன்றை எடுத்தாள். வாழையிலைக்கு மேலே அதைச் சுற்றி நூலால் கட்டினாள்.

“என்ன, இண்டைக்குப் பார்சல் இங்கிலிசிலை போகுது” என்றாள் அண்ணி றோஸ்.

“சம்பலுக்கு இங்கிலிசு விளங்குமோ?” என்று பேணாட் சிரித்தான். “பாத்து, காரம் குறைஞ்சிடும்.”

அவன் பார்சலைச் சைக்கிள் கரியரில் வைத்து, பத்திரிகையைக் கமக்கட்டில் செருகிக்கொண்டு புறப்பட்டான்.

இன்பமலருக்கு இருபத்துமூன்று வயது. அவளைக் கணனி வகுப்பில் சேர்த்தவன் பேணாட்தான். அதே பேணாட்டிடம் போன வாரம் அவள் ஒரு தாளை நீட்டி, “வகுப்புத் தாள் அண்ணா, ஒரு கையெழுத்து” என்று சொன்னதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது வகுப்புத் தாள் அல்ல. தன் தங்கை ஆறு மாதம் கொழும்பில் தங்கிப் பயிற்சி பெறச் சம்மதம் என்று பாதுகாவலர் எழுதிக் கொடுக்கும் படிவம். கேட்டால் அனுப்பமாட்டான் என்று பயந்து அவள் கேட்கவே இல்லை. அவனும் ஒன்றும் கேட்காமல் வரைந்து கொடுத்தான். தபாலில் போடக் கை வராமல் அந்தப் படிவம் இன்னும் அலுமாரியில் உடுப்புக்குக் கீழே கிடந்தது.

*

வகுப்பில் அவர்கள் இப்போது கணனித் திரைக்குச் சாளரம் அமைக்கப் பழகிக்கொண்டிருந்தார்கள். மவுஸால் ஒரு பொத்தானை இழுத்துக்கொண்டு வந்து திரையில் வைக்கலாம். பெயர் எழுத ஒரு பெட்டி வைக்கலாம். பிறகு பின்பக்கத்தைத் திறந்து, அந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கவேண்டும் என்பதை வரி வரியாக எழுதவேண்டும். மூதூருக்கு ஓடுகிற லோஞ்சுப் படகில் ஏறுகிறவர்களின் பெயர்களைப் பதிய இன்பமலர் ஒரு சாளரம் செய்திருந்தாள்.

ஆசிரியை நஜ்முன் நிஸா தினமும் அந்த லோஞ்சில்தான் மூதூரிலிருந்து வருகிறாள். மாணவியைவிட மூன்று வயதுதான் கூட. அவள் குனிந்து பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

“கொமாண்ட் ஒண்டு, கொமாண்ட் ரெண்டு, கொமாண்ட் மூணு. பொத்தானை வெச்சதும் கொம்பியூட்டர் தானா குடுக்கிற பேரு இது. எத்தனை தரம் சொல்லிட்டன் மலர், நீங்க ஒரு பேரு வெய்யுங்க எண்டு. பதியிற பொத்தானுக்குப் ‘பதி’ எண்டு வெச்சா என்ன?”

“எனக்குத் தெரியும்தானே மிஸ், எது எது எண்டு.”

“உங்களுக்குத் தெரியும். நாளைக்கு வேற ஆள் வாசிச்சா?”

இன்பமலர் அந்தப் பின்பக்கத்தை மூடினாள். கொமாண்ட் மூன்றை வேறு ஆள் வாசிப்பதை அவள் விரும்பவில்லை.

இரண்டு கிழமைக்கு முன்பு ஒரு மழைநாளில் பேணாட் குடை கொண்டுவந்து கொடுக்க வகுப்புக்குள் வந்தான். கண்ணிமையிலும் சீமெந்துத் தூள். திரையைப் பார்த்து, “இதிலை என்ன பிள்ளை எழுதியிருக்கு?” என்று பலத்த குரலில் கேட்டான். திரையில் பெரிய தமிழ் எழுத்தில் ‘பெயர்’ என்று மட்டுமே இருந்தது. பக்கத்துக் கதிரைகளில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இன்பமலருக்கு முகம் எரிந்தது. “ஒண்டுமில்லை, நீங்கள் போங்கோ” என்றாள்.

அவன் போன பிறகு அவள் மூன்றாவது பொத்தானின் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதினாள். பெயர்ப் பெட்டியை வெறுமையாக விட்டு அந்தப் பொத்தானை அழுத்தினால் ஒரு செய்திப் பெட்டி தோன்றும். செய்திப் பெட்டிக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. தமிழில் எதை அடித்தாலும் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகக் குழம்பித்தான் காட்டும். அந்தத் துணிவில்தான் எழுதினாள். பக்கத்துப் பெண்களுக்கு மெல்லிய குரலில் வாசித்துக் காட்டினாள். அவர்கள் மேசையில் தலைவைத்துச் சிரித்தார்கள்.

பதினொரு மணியளவில் றோஸ் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். செருப்பில்லை.

“மலர், உன்ரை அண்ணையைத் துறைமுக வாசல்லை பிடிச்சு வைச்சிருக்கினமாம். பார்சல் சுத்தின பேப்பர்லை ஏதோ இரகசியம் எழுதியிருக்காம்.”

*

வழியில் நின்று விசாரித்து றோஸ் அறிந்து வந்தது இவ்வளவுதான். குண்டு தேடும் படையினரின் சோதனையில் பார்சலை அவிழ்த்தார்கள். தாளைப் பார்த்த சிப்பாய் அதிகாரியைக் கூப்பிட்டான். அதிகாரி ஆங்கிலம் வாசிப்பவர். டைமர் என்று ஒரு சொல். லோட் என்று ஒரு சொல். கில் என்று ஒரு சொல். கொமாண்ட் ஒன்று, இரண்டு, மூன்று. நடுவில் எந்த மொழியிலும் சேராத எழுத்துக் குவியல்.

நிஸாவுக்கு உடனே விளங்கியது. “யா அல்லாஹ். மூலையில மணிக்கூடு ஓட டைமர் வெச்சம். சாளரத்தைத் திறக்க லோட். பழைய பட்டியலை அழிக்கக் கில். தமிழ் அடிச்சது குழம்பி அச்சாகியிருக்கு.” அவள் குடையை எடுத்தாள். “வாங்க மலர், போய்ச் சொல்லுவம். இது பாடம்தானே.”

“நீங்கள் அண்ணியோடை முன்னாலை நடவுங்கோ மிஸ். நான் பாடத்தைப் பிளொப்பி டிஸ்கிலை எடுத்துக்கொண்டு வாறன்.”

அவர்கள் படி இறங்கும்வரை இன்பமலர் பார்த்திருந்தாள். பிறகு கொமாண்ட் மூன்றின் பின்பக்கத்தைத் திறந்து அந்த வரியை அழித்தாள். அழித்ததைச் சேமித்தாள். தமையன் வெயிலில் நிற்கிறான் என்று தெரிந்தும் இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தாள். மூன்றாவது பொத்தானை அழுத்தினால் இப்போது ஒன்றும் நடக்கவில்லை. அந்த நிமிடத்தில் அவளுக்கு வந்தது நிம்மதிதான். அதைப் பின்னால் நினைத்தபோது அவளுக்குத் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்க முடியவில்லை.

*

துறைமுக வாசலில் பேணாட் முழந்தாளில் இருந்தான். சேட்டைக் கழற்றியிருந்தார்கள். பத்திரிகை பக்கத்தில் தரையில் கிடந்தது. சாப்பாட்டில் எறும்பு ஏறியிருந்தது. தங்கையைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மொழிபெயர்க்கப் பாக்கியரத்தினத்தைக் கூட்டி வந்திருந்தார்கள். வெள்ளைச் சேட்டில் இரண்டு பேனையோடு அதிகாரியின் அருகே நின்றார். பேணாட் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தார்.

“பேப்பர் றோட்டிலை கிடந்து எடுத்ததாம் எண்டு சொல்லுறான்” என்றார் அவர். “பிறகு வாசிச்சுக் காட்டச் சொன்னால் வாய் திறக்கிறானில்லை. அதுதான் அவையளுக்குக் கோபம். பத்திரிகை வாசிக்கிறவன் இங்கிலிசு தெரியாட்டிலும் ஒரு எழுத்தாவது ஏன் வாசிக்கமாட்டான் எண்டு கேக்கினம்.”

இன்பமலருக்கு இரண்டும் விளங்கின. றோட்டில் எடுத்ததென்று அவன் சொன்னது அவளுக்காக. வாய் திறக்காதது பாக்கியரத்தினத்துக்காக. எனக்கு வாசிக்கத் தெரியாது என்ற ஒரு வசனத்தைச் சொல்லியிருந்தால் காலையிலேயே எழுந்து போயிருப்பான்.

“அது என்ரை பேப்பர் ஐயா. பார்சல் சுத்தினது நான்.”

அதிகாரி தாளை நீட்டிச் சிங்களத்தில் கேட்டார். பாக்கியரத்தினம் சொன்னார்: “கொமாண்ட் மூண்டு ஆரின்ரை, எங்கை இருக்குது எண்டு கேக்கிறார்.”

“அது பொத்தான் ஐயா. நான் அதுக்குப் பேர் வைக்கேல்லை.”

அவர் அதை மொழிபெயர்த்தார். அதிகாரி சிரிக்கவில்லை. காட்டு என்றார். வாசல் அலுவலகக் கணனியில் அந்தப் பாடத்துக்கான மென்பொருள் இல்லை என்று நிஸா விளக்கினாள். கடைசியில் பேணாட்டுக்குச் சேட்டைப் போடவிட்டு எல்லோரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வகுப்புக்கு வந்தார்கள்.

மாணவிகளை வெளியே அனுப்பினார்கள். அவர்கள் யன்னலோரம் போய் நின்றார்கள்.

இன்பமலர் சாளரத்தைத் திறந்தாள். மூலையில் மணிக்கூடு ஓடியது. ஒரு பெயரைப் பதிந்து காட்டினாள். அதிகாரியின் தோள் சற்றுத் தளர்ந்தது. பிறகு பின்பக்கத்தைத் திறக்கச் சொன்னார். தாளைத் திரையோடு பிடித்து, சிவப்புப் பேனையால் ஒவ்வொரு வரியாகச் சரி போட்டுக்கொண்டு வந்தார். இருபத்தேழு வரிக்குச் சரி விழுந்தது. அடுத்த வரியில் பேனை நின்றது.

“இந்த வரி இதிலை இல்லையாம்” என்றார் பாக்கியரத்தினம். “தாளிலை இருக்கிறது கொம்பியூட்டர்லை ஏன் இல்லை எண்டு கேக்கிறார். எப்ப அழிச்சனீங்கள்?”

நிஸா திரும்பி இன்பமலரைப் பார்த்தாள். “நீங்க அழிச்சீங்களா?”

“ஓம் மிஸ்.”

“எப்ப?”

“இப்பதான். நீங்கள் போன பிறகு.”

பாக்கியரத்தினம் அதை மொழிபெயர்க்கத் தயங்கினார். ஆனால் அதிகாரிக்கு முகங்களே போதுமாக இருந்தன. ஒரு சிப்பாய் பேணாட்டின் தோளைப் பிடித்துக் கதவுப் பக்கம் திருப்பினான்.

“நில்லுங்கோ” என்றாள் இன்பமலர். “நான் திரும்ப அடிச்சுக் காட்டுறன்.”

அவள் தாளைப் பார்க்கவில்லை. பெயர்ப் பெட்டியின் மேல் ‘பெயர்’ என்று தமிழில் தெரிந்த இடத்தில் அந்த வரியை நினைவிலிருந்தே அடித்தாள். தாளில் குழம்பிக் கிடந்த அதே எழுத்துக்களை அழுத்த, அவை அங்கே ஒவ்வொன்றாகத் தமிழாகின. இரண்டு வசனம். அடித்து முடித்து அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

பாக்கியரத்தினம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, வேலைத்தலத்தில் பெயர் கூப்பிடும் அதே குரலில் வாசித்தார்.

“பேர் எழுதத் தெரியாட்டிப் பேணாட்டைக் கேள். அவனுக்கும் தெரியாது.”

யன்னலோரம் நின்ற பெண்கள் இந்த முறை சிரிக்கவில்லை.

“பேணாட் ஆர்?” என்று கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவர் காதில் விழுந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “பேணாட், உண்மையோ?”

“ஓம் ஐயா.”

“அப்ப அந்தப் பத்திரிகை?”

பேணாட் தரையைப் பார்த்தான். “படம் பாக்கிறனான் ஐயா.”

பாக்கியரத்தினம் நெடுநேரம் சிங்களத்தில் பேசினார். வாசித்ததைவிட நிறையச் சொன்னார். அதிகாரி பேணாட்டின் கையில் தாளைக் கொடுத்து, தலைகீழாகத் திருப்பினார். பேணாட் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். அதிகாரி சின்னதாகத் தலையசைத்தார். சந்தேகம் முடிந்தது. முடிந்த விதத்தைப் பார்க்காமல் இன்பமலர் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆளை விடுறாராம்” என்றார் பாக்கியரத்தினம். “துறைமுகத்துக்குள்ளை போற பாஸை இப்ப தரமாட்டாராம். நாளைக்குக் காலமை ஒரு கடிதம் வேணும். இவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது எண்டு கிராம சேவகர் உறுதிப்படுத்தினது. அதை ஃபைலிலை வைச்சிட்டுப் பாஸைத் தருவார்.”

“அந்த ஃபைல் ஆரிட்டை இருக்கும் ஐயா?” என்று றோஸ் கேட்டாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைச் சேட்டுப் பையில் வைத்தார். “என்னட்டைத்தான்.”

திங்கட்கிழமையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. ஒருவரும் கேட்கவுமில்லை. ஜீப் போன பிறகு நிஸா கதிரையில் உட்கார்ந்து, திரையில் இருந்த இரண்டு வசனத்தையும் ஒருதரம் தானே வாசித்தாள். பிறகு திரையை அணைத்தாள்.

“நாளைக்கும் வாங்க மலர்” என்று மட்டும் சொன்னாள்.

*

அன்புவழிபுரத்து வீட்டுக்கு மூவரும் வந்தார்கள். பேணாட் கிணற்றடியில் வழமையைவிடக் கூட வாளி அள்ளிக் குளித்தான். முழந்தாளில் கல் அழுத்திய அடையாளம் இருந்தது. றோஸ் குசினிக்குள் பாத்திரத்தைச் சத்தமாக வைத்தாள்.

“கிளியாவது கூட்டைத் திறந்தால் பறக்கும்” என்று குசினியிலிருந்து குரல் வந்தது. “இவ திறந்த கையைக் கொத்திப்போட்டு இருக்கிறா.”

“றோஸ், சும்மா இரு.”

“நான் சும்மாதான் இருக்கிறன். எழுதிச் சிரிச்சவையளைப் போய்ச் சும்மா இருக்கச் சொல்லுங்கோ.”

ஐந்து மணியாகியும் வெயில் தணியவில்லை. பேணாட் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து மேசையில் ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் வைத்தான். எதிர்க் கதிரையில் அமர்ந்தான்.

“எழுது.”

“அண்ணா.”

“கிராம சேவகர் எட்டரைக்குக் கந்தோருக்கு வந்திடுவார். கடிதத்தோடை போனால்தான் கையெழுத்து வைப்பார். எழுது பிள்ளை, உனக்கு அந்த வசனம் தெரியும்தானே.”

இன்பமலர் பேனையை எடுத்தாள். திகதி எழுதினாள். அவனுடைய முழுப்பெயரை எழுதினாள். அதற்கு மேல் பேனை ஓடவில்லை.

“நான் ஒண்டு கேக்கட்டோ?” என்றான் பேணாட். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும். “வாசிக்கத் தெரியாது எண்டு எழுதினது சரி. உள்ளதுதான். அவனுக்கு எண்டு ஏன் எழுதினனி?”

அவள் தாளில் எழுதிய அவன் பெயரைப் பார்த்தாள்.

“வீட்டிலை நீ என்னை ஒருநாளும் அப்பிடிச் சொன்னதில்லை. நீங்கள், அண்ணா, அவர். ஆக்களுக்கு முன்னாலையும் அப்பிடித்தான் சொல்லுவாய் எண்டு நினைச்சிருந்தனான். எழுத்திலை வேறை மாதிரி எண்டு எனக்குத் தெரியாது. எனக்கு எப்பிடித் தெரியும்?”

குசினியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

இன்பமலர் தாளைக் கிட்ட இழுத்து, ‘இவருக்கு’ என்று எழுதினாள். அந்தச் சொல்லுக்குப் பிறகு மிச்சம் வந்தது. எழுத வாசிக்கத் தெரியாதென்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறேன். ஒரு வசனம்தான். முடித்துத் தாளை அவன் பக்கம் திருப்பினாள். கிராம சேவகருக்கு ஒரு கோடு விட்டு, அதன் கீழே அவன் கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தை எப்போதும் போல விரலால் காட்டினாள்.

பேணாட் பேனையை எடுக்கவில்லை.

“முதல் வாசிச்சுக் காட்டு. இனி நீ எழுதினது எதையும் கேளாமல் நான் கையெழுத்து வைக்கிறேல்லை.”

அவள் வாசித்தாள். ‘இவருக்கு’ என்ற இடத்தில் அவன் கண்ணை மூடித் திறந்தான். முழுவதையும் இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னான். பிறகு பேனையை வாங்கி, நாக்கை உதட்டோரம் அழுத்திக்கொண்டு, தன் பெயரை மெதுவாக வரைந்தான். வரைந்து முடித்து மை காய ஊதினான்.

“இப்ப மற்றதுகளையும் எடுத்துக்கொண்டு வா.”

“எதுகளை அண்ணா?”

“நீ தந்து நான் முந்திக் கையெழுத்து வைச்சதுகள். வகுப்புத் தாள் எண்டு போன கிழமை ஒண்டு தந்தனியெல்லே. அதையும் சேர்த்து. எல்லாத்தையும் ஒருக்கால் வாசி. கேப்பம்.”

றோஸ் குசினி வாசலில் வந்து நின்றாள்.

அலுமாரித் திறப்பு இன்பமலரின் கழுத்துச் சங்கிலியில், சிலுவைக்குப் பக்கத்தில் தொங்கியது. அவள் எழுந்தாள். மூன்று அடியில் அலுமாரி. திறப்பைத் துவாரத்தில் விட்டுவிட்டு, அதைத் திருப்பாமல், உடுப்புக்குக் கீழே கிடக்கும் கொழும்புப் படிவத்தின் முதல் வரியை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள்.